அந்தியோகியாவில் பந்தி பிரிந்த கதை

மிஷன் பாடசாலைகளில் படித்தவர்கள் எம்மில் பலர். சைவ வீடுகளிலிருந்து போனவர்களுக்கும் பவுலின் கதை ஓரளவு தெரியும். தமஸ்கு வீதியில் ஒளி கண்டு விழுந்தவர், கப்பற்சேதத்தில் தப்பியவர், சிறையிலிருந்தபடி கடிதங்கள் எழுதியவர். பேதுருவையும் தெரியும். ஆனால் இந்த இருவரும் ஒருநாள் எல்லார் முன்னிலையிலும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட கதையை யாரும் எமக்கு விரித்துச் சொன்னதில்லை. இடம் சிரியாவின் அந்தியோகியா. காலம் கி.பி. 48, 49 அளவு. சண்டை கடவுள் ஒருவரா பலரா என்பதைப் பற்றியதல்ல. இயேசு யார் என்பதைப் பற்றியதுமல்ல. யார் யாரோடு ஒரே பந்தியில் இருந்து சாப்பிடலாம் என்பதைப் பற்றியது.

பந்தி பிரிப்பதென்றால் என்ன என்று எமது சமூகத்துக்கு எவரும் புதிதாக விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆயினும் அங்கு நடந்ததை எமது ஊர்ப் பந்திகளின் அளவுகோலை வைத்து உடனே தீர்ப்பிட்டுவிடவும் கூடாது. ஏன் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

இச்சம்பவத்துக்கு எம்மிடமுள்ள ஒரே நேரடிச் சாட்சி, பவுல் கலாத்தியா நாட்டுச் சபைகளுக்கு எழுதிய கடிதம். புதிய ஏற்பாட்டில் மிகப் பழைய எழுத்துகள் பவுலின் கடிதங்களே. நற்செய்தி நூல்கள் நான்கும் அவற்றுக்குப் பிந்தியவை. கலாத்தியருக்கான கடிதம் சம்பவம் நடந்து சில ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டது. எழுதும்போது மனிதர் கோபத்தில் கொதிக்கிறார். அவருடைய மற்றக் கடிதங்களின் தொடக்கத்தில் வழக்கமாக வரும் நன்றி கூறல் இதில் இல்லை. ஓரிடத்தில் எதிராளிகளுக்கு நேரவேண்டும் என்று அவர் விரும்புகின்ற காரியம் அச்சில் போடக் கூசவைப்பது. ஆகவே இது ஒருபக்கக் கதை. அதுவும் கோபத்தில் சொல்லப்பட்ட கதை. பேதுருவின் பதில் எமக்குக் கிடைக்கவில்லை. எருசலேமில் இருந்த யாக்கோபின் பதிலும் கிடைக்கவில்லை. அவர்களுக்காகவும் நாம் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

பவுல் சொல்வதன் சாரம் இது. அந்தியோகியாச் சபையில் யூதரும் யூதரல்லாதவரும் ஒன்றாகவே சாப்பிட்டனர். அங்கு வந்திருந்த பேதுருவும் அவர்களோடு இருந்து சாப்பிட்டார். பின்னர் யாக்கோபிடமிருந்து சிலர் வந்தார்கள். வந்ததும் பேதுரு மெல்ல மெல்ல விலகித் தனியே உண்ணத் தொடங்கினார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினர். இத்தனை காலமும் பவுலோடு ஊரூராகத் திரிந்த பர்னபாவும் அவர்களோடு போய்விட்டார். பர்னபாவின் பெயரைச் சொல்லுமிடத்தில்தான் பவுலின் கோபத்துக்கு அடியிலிருக்கும் மனநோவு தெரிகிறது. எல்லார் முன்பாகவும் அவர் பேதுருவைக் கேட்டார்: யூதராகிய நீரே புறஜாதியாரைப் போல நடந்துகொண்டிருந்துவிட்டு, இப்போது புறஜாதியாரை யூதராகும்படி வற்புறுத்துவது என்ன நியாயம்?

*

சாப்பாட்டில் இவ்வளவு என்ன இருந்தது? அதை விளங்கிக்கொள்ள இருநூறு ஆண்டுகள் பின்னே போகவேண்டும்.

தமிழ் வேதாகமம் நியாயப்பிரமாணம் என்று அழகாக மொழிபெயர்த்த தோரா, யூதர்களுக்கு வெறும் சட்டப் புத்தகம் அல்ல. நாட்டை இழந்தும், அந்நியப் பேரரசுகளின் கீழ் வாழ்ந்தும், ஒரு மக்கள் கூட்டம் தான் யார் என்பதை அதைக்கொண்டே வைத்திருந்தது. கி.மு. 167இல் சிரியாவை ஆண்ட கிரேக்க மன்னன் நான்காம் அந்தியோக்கஸ், யூத வழக்கங்களைத் தடை செய்தான். ஓய்வுநாள் கூடாது, எமது முஸ்லிம் மக்கள் சுன்னத்து என்று சொல்லும் விருத்தசேதனம் கூடாது. பிள்ளைகளுக்கு விருத்தசேதனம் செய்வித்த தாய்மார் கொல்லப்பட்டதையும், பன்றி இறைச்சி உண்ண மறுத்த முதியவர் எலெயாசார் அடித்துக் கொல்லப்பட்டதையும் மக்கபேயர் ஆகமங்கள் சொல்கின்றன. அதே காலத்தில் வேறு சிலர், கிரேக்க உடற்பயிற்சிக் கூடத்தில் வெட்கப்படாமல் நிற்பதற்காக விருத்தசேதனத்தின் அடையாளத்தை மறைத்துக்கொண்டனர் என்றும் அந்நூல்களில் இருக்கிறது. இந்த இரண்டு நினைவுகளும் பவுலின் காலத்து யூதர் ஒவ்வொருவருடைய மனதிலும் இருந்தன. எதற்காகத் தாத்தாமார் உயிர் விட்டார்களோ அதை விடுவது யாருக்கும் இலகுவல்ல.

இன்னொரு பக்கமும் உண்டு. அக்காலத்திலேயே யூதர்களில் பெரும்பகுதியினர் தாய்நாட்டுக்கு வெளியே வாழ்ந்தனர். அலெக்சாந்திரியா, சைப்பிரஸ், சின்ன ஆசியா, உரோமை என்று எங்கும் அவர்களுடைய ஜெபாலயங்கள் இருந்தன. வேற்று ஊரில் வாழ்வதன் நெருக்கடியும் இருந்தது. கி.பி. 38இல் அலெக்சாந்திரியாவில் யூதர் குடியிருப்புகள் சூறையாடப்பட்டன. மூன்று ஆண்டுகளின் பின்னர் சக்கரவர்த்தி கிளாடியஸ் அந்நகருக்கு எழுதிய கடிதம் பாப்பிரஸ் சுவடி ஒன்றில் எமக்குக் கிடைத்திருக்கிறது. யூதர் தங்கள் வழக்கங்களைக் காத்துக்கொள்ளலாம். ஆனால் தம்முடையதல்லாத ஒரு நகரத்தில் இருப்பதை நினைவில் வைத்து, இருப்பதற்கு மேல் கேட்கக்கூடாது என்பது அதன் தொனி. தலைமுறை தலைமுறையாக அங்கு பிறந்தவர்களுக்குச் சொல்லப்பட்டது அது. இப்படியான தொனியை நாமும் கேட்டிருக்கிறோம்.

ஆனாலும் அந்தச் சமூகங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கவில்லை. அந்தியோகியாவில் யூதர் தமது வழிபாடுகளுக்குத் திரளான கிரேக்கர்களைக் கவர்ந்து, ஒருவகையில் தம்மில் ஒரு பகுதியாக ஆக்கிக்கொண்டனர் என்று முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதுகிறார். இவர்களைக் கடவுளுக்குப் பயந்தோர் என்று அழைத்தார்கள். ஜெபாலயத்துக்கு வருவார்கள், விளக்கேற்றுவார்கள், நன்கொடை கொடுப்பார்கள். விருத்தசேதனம் மட்டும் செய்துகொள்ளமாட்டார்கள். துருக்கியில் அப்ரோடிசியாஸ் என்ற பழைய நகரத்தில் 1976இல் வெளிவந்த யூதக் கல்வெட்டு ஒன்றில், யூதர்களின் பெயர்களுக்குப் பிறகு இத்தகையோர் ஐம்பதுக்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் தனியாக வெட்டப்பட்டிருக்கின்றன. கல்வெட்டு சில நூற்றாண்டுகள் பிந்தியது. எனினும் அந்த ஏற்பாடு நெடுங்காலம் நிலைத்திருந்தது என்பதற்கு அது சாட்சி. வரலாம், இருக்கலாம், கொடுக்கலாம். பெயர்ப் பட்டியலில் மட்டும் இடம் வேறு.

இவர்கள் முழுமையாக யூதராக வேண்டுமா என்ற விவாதத்தைக் கிறிஸ்தவர்கள் தொடங்கவில்லை. யூதர்களிடையே அது முன்னரே இருந்தது. இன்றைய ஈராக்கின் வடபகுதியில் இருந்த அடியபீன் என்ற சிறிய அரசின் மன்னன் இசாட்டீஸ் யூத வழியில் நாட்டங்கொண்டு விருத்தசேதனம் செய்ய விரும்பினான். அவனுக்கு அவ்வழியைக் காட்டிய அனனியா என்ற யூத வணிகரே அதைத் தடுத்தார். குடிமக்கள் கிளர்ந்தெழுவார்கள்; விருத்தசேதனம் இல்லாமலும் நீ கடவுளை வணங்கலாம் என்றார். பின்னர் கலிலேயாவிலிருந்து எலெயாசார் என்ற கண்டிப்பானவர் வந்தார். மன்னன் தோராவை வாசித்துக்கொண்டிருப்பதைக் கண்டு, வாசித்தால் போதுமா, அது சொல்வதைச் செய்யவேண்டாமா என்று கேட்டார். மன்னன் மருத்துவரை அழைத்து உடனே செய்துகொண்டான். இக்கதையையும் ஜோசிபஸே தருகிறார். பவுலுக்கும் யாக்கோபின் ஆட்களுக்கும் இடையிலான வழக்கை அனனியாவும் எலெயாசாரும் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்கள் எனலாம்.

*

புறஜாதியாரிடம் முதலில் போனவர் பவுல் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அப்போஸ்தலருடைய நடபடிகள் வேறு செய்தி சொல்கிறது. எருசலேமில் ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட்ட பிறகு அங்கிருந்து தப்பி ஓடியவர்களில், சைப்பிரஸையும் வட ஆபிரிக்காவின் சிரேனேயையும் சேர்ந்த சிலர் அந்தியோகியாவுக்கு வந்து கிரேக்கர்களிடமும் பேசத் தொடங்கினர். அவர்களுடைய பெயர்கள் எழுதப்படவில்லை. அகதிகளாக வந்த, பெயரில்லாத சிலர், யாரிடமும் அனுமதி கேட்காமல் செய்த காரியம் இது. பெரியவர்கள் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். கிறிஸ்தவர் என்ற பெயரும் அந்த நகரத்தில்தான் முதலில் வழங்கியது. அது வெளியார் வைத்த பெயர் போலும். பவுல் தன் கடிதங்களில் ஒருமுறையேனும் அதைப் பயன்படுத்தவில்லை.

பிரச்சினை எருசலேமுக்குப் போனது. பவுல் தாம் மனம் மாறிப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, பர்னபாவோடும் தீத்து என்ற கிரேக்கரோடும் அங்கு சென்றதாகக் கூறுகிறார். தீத்துவைக் கூட்டிப் போனதே ஒரு சவால். சிலர் அவருக்கு விருத்தசேதனம் செய்யவேண்டும் என்றனர். யாக்கோபு, பேதுரு, யோவான் மூவரும் அதை வற்புறுத்தாமல், பவுலுக்குக் கைகொடுத்து அனுப்பினர்: அவர் புறஜாதியாரிடம் போகட்டும், தாங்கள் யூதரிடம் போவோம். ஏழைகளை மறக்கவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டனர்.

நடபடிகள் நூல் பல ஆண்டுகள் பிந்தி எழுதப்பட்டது. அது இக்கூட்டத்தை இன்னும் ஒழுங்கானதாகக் காட்டுகிறது. எல்லாரும் பேசுகிறார்கள், கடைசியில் யாக்கோபு தீர்ப்புச் சொல்கிறார். விருத்தசேதனம் வேண்டாம், விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, தகாத பாலுறவு ஆகிய நான்கையும் விலக்கினால் போதும். இந்த நான்கும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால், இஸ்ரவேலரிடையே வந்து தங்கியிருக்கும் அந்நியருக்கு லேவியராகமம் 17ஆம் 18ஆம் அதிகாரங்கள் விதித்தவற்றை ஒத்திருக்கின்றன. யாக்கோபு புறஜாதியாரைத் துரத்தவில்லை. அவர்களுக்கு வதிவிட உரிமை கொடுத்தார். பவுல் கேட்டது அதுவல்ல. அவர்களும் ஆபிரகாமின் பிள்ளைகள், முழு வாரிசுகள் என்றார். வதிவிட அனுமதிக்கும் குடியுரிமைக்கும் இடையிலான தூரம் எவ்வளவு என்று எமது வாசகர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், பிற்பாடு கொரிந்தியருக்கு எழுதும் கடிதத்தில் பவுல் படையல் இறைச்சி பற்றி மூன்று அதிகாரங்கள் எழுதுகிறார்; அதில் ஓரிடத்திலாவது எருசலேமின் இந்தத் தீர்மானத்தைக் குறிப்பிடவில்லை. தீர்மானம் அவர் ஏற்காததா, அல்லது நடபடிகளின் ஆசிரியர் பின்னாளில் நடந்ததை முன்தள்ளி வைத்தாரா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். இரண்டாவதற்கே எமது மனம் சாய்கிறது.

*

எப்படியோ விருத்தசேதனம் பற்றி ஓர் உடன்பாடு வந்தது. ஒன்றாகச் சாப்பிடுவது பற்றி அங்கு யாரும் பேசியதாகத் தெரியவில்லை. வெடித்தது அதிலேதான். ஆரம்பச் சபைக்குக் கோயில் கட்டடம் இல்லை. யாரோ ஒருவருடைய வீட்டில் கூடி உண்பதே வழிபாடு. பந்தி பிரிந்தால் சபையே பிரிந்தது. புறஜாதியாரோடு உண்பதைத் தோரா நேராகத் தடை செய்யவில்லை என்பதையும் சொல்லவேண்டும். எந்த இறைச்சி, அதன் இரத்தம் நீக்கப்பட்டதா, வைன் எந்தத் தெய்வத்துக்கு ஊற்றிய மிச்சம் என்பவைதான் பிரச்சினை. கண்டிப்பானவர்கள் சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் விலகியே இருந்தனர்; மற்றவர்கள் ஒருவாறு சமாளித்தனர்.

யாக்கோபு ஏன் ஆளனுப்பினார்? நாற்பதுகளின் யூதேயாவைப் பார்த்தால் ஓரளவு விளங்கும். கி.பி. 40இல் சக்கரவர்த்தி கலிகுலா தன் சிலையை எருசலேம் ஆலயத்தில் வைக்கக் கட்டளையிட்டான். அவன் 41இல் கொல்லப்பட்டதால்தான் பேரழிவு தள்ளிப்போனது. தொடர்ந்து வந்த உரோமை அதிகாரிகளின் காலத்தில் தெயுதாஸ் என்பவனின் தலை வெட்டப்பட்டது. கலிலேயனாகிய யூதாசின் புதல்வர்கள் இருவர் சிலுவையில் அறையப்பட்டனர். பஞ்சம் வந்தது. முன்னர் சொன்ன இசாட்டீஸ் மன்னனின் தாய் ஹெலேனா, அலெக்சாந்திரியாவிலிருந்து தானியமும் சைப்பிரஸிலிருந்து உலர்ந்த அத்திப்பழமும் வாங்கி எருசலேமுக்கு அனுப்பியது இந்தப் பஞ்சத்தில்தான். இப்படிக் கொதித்துக்கொண்டிருந்த ஊரில், அந்நியரோடு கலந்துண்ணும் ஒரு கூட்டத்தின் தலைவர் என்று பெயர் எடுப்பது உயிராபத்து. வெளியூரில் இருப்பவர்கள் தாராளமாக நடந்துகொள்ளலாம். அதன் விலையை ஊரில் இருப்பவர்கள் கட்டவேண்டும். தமது எதிராளிகள் துன்பத்துக்குப் பயந்தே இப்படிச் செய்கிறார்கள் என்று பவுலே அக்கடிதத்தின் முடிவில் எழுதுகிறார். குற்றச்சாட்டாக அவர் எழுதியதை, அவர்களுக்கான சாட்சியமாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் பவுல் பிடித்த இடமும் சரியானதே. அந்தியோகியாவின் கிரேக்கனுக்கு யாரும் வெளியே போ என்று சொல்லவில்லை. நீ அங்கே இரு, நாங்கள் இங்கே இருக்கிறோம் என்றுதான் நடந்தது. நேற்றுவரை ஒரே அப்பத்தைப் பிட்டவன் இன்று தனியே இருந்து சாப்பிடும்போது, அவனுக்கு ஒரு வழிதான் மீதி: தானும் யூதனாகிவிடுவது. வற்புறுத்தாமலே வற்புறுத்துவது இப்படித்தான்.

எமது பந்திகளின் பேச்சுக்கு இங்கு வரலாம். தமிழ் வேதாகமத்தில் புறஜாதியார் என்று வருமிடத்தில் கிரேக்க மூலம் சொல்வது இனங்கள், மக்கள் கூட்டங்கள் என்பதையே. ஜாதி என்ற சொல் அக்காலத் தமிழில் அந்தப் பொருளிலும் வழங்கியது. ஆனாலும் சாதிப் பந்தி இருந்த ஊரில் அச்சொல்லைக் கேட்டவன் எதை விளங்கியிருப்பான்? 1833இல் கல்கத்தா ஆயர் தானியேல் வில்சன், தென்னிந்தியத் திருச்சபைகளில் சாதி வேறுபாடு உடனடியாக ஒழியவேண்டும் என்று சுற்றுநிருபம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு வெளியேறினர். கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார். சாதி நாட்டு வழக்கம், மதத்தோடு அதற்குத் தொடர்பில்லை என்பது எதிர்த்தவர்களின் வாதம். அந்தியோகியாவின் பந்தியையும் வேப்பேரியின் பந்தியையும் ஒன்றாக்கிவிடலாம் என்று எவருக்கும் தோன்றும். அது சரியல்ல. அந்தியோகியாவில் விலகி இருந்தவர்கள் ஆதிக்கத்தில் இருந்தவர்களல்லர். பேரரசின் நகரமொன்றில் தங்கள் அடையாளத்தைப் பாதுகாக்க முயன்ற சிறுபான்மையினர். வேப்பேரியில் விலகியவர்கள் தங்கள் மேலாண்மையைப் பாதுகாத்தார்கள். பந்தி ஒன்று போலத் தெரிந்தாலும், யார் யாரிடமிருந்து விலகுகிறார் என்பதைப் பார்க்காமல் தீர்ப்பிடக் கூடாது என்று முதலில் சொன்னது இதனால்தான்.

*

அந்தியோகியாவில் யார் வென்றார்? பவுல் சொல்லவில்லை. வென்றிருந்தால் சொல்லாமல் விடக்கூடிய மனிதர் அல்லர் அவர். பெரும்பாலும் தோற்றார் என்றே ஆய்வாளர் பலரும் கருதுகின்றனர். அதன்பின் பர்னபா அவரோடு பயணம் செய்யவில்லை. நடபடிகள் நூல் இப்பிரிவுக்கு வேறு காரணம் சொல்கிறது: மாற்கு என்ற இளையவரைக் கூட்டிச் செல்வதா இல்லையா என்பதில் வந்த மனத்தாங்கலாம். பந்திச் சண்டை பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பவுலை யூத மதத்தை விட்டோடியவர் என்று நெடுங்காலம் வாசித்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் நியாயப்பிரமாணத்துக்கு எதிரான அவர் வாதத்தில் தமது காலத்து உரோமைத் திருச்சபையையே கண்டார். யூத மதம் என்பது புண்ணியத்தைக் கணக்குப் பார்த்துச் சேர்க்கும் மதம் என்ற சித்திரம் அங்கிருந்து பரவியது. 1977இல் ஈ. பி. சாண்டர்ஸ் பழைய யூத நூல்களைத் துருவி, அப்படியொரு மதம் இருக்கவில்லை என்று காட்டினார். சாக்கடலோரம் கும்ரானில் கிடைத்த சுவடிகளில் ஒன்று 1994இல் பதிப்பிக்கப்பட்டபோது, பவுல் பயன்படுத்தும் நியாயப்பிரமாணத்தின் கிரியைகள் என்ற அதே சொற்றொடர், தூய்மை விதிகள் பற்றிய ஒரு யூத விவாதத்தில் எபிரேய மொழியில் இருப்பது தெரிந்தது. பவுலின் வாதம் யூதர்களின் வீட்டுக்குள் நடந்த வாதம். அதற்குப் பவுலின் சொந்த உடம்பே சான்று. ஐந்து தடவைகள் யூதரிடம் நாற்பதுக்கு ஒன்று குறைந்த அடி வாங்கியதாக எழுதுகிறார். அது ஜெபாலயம் தன் ஆட்களுக்குக் கொடுக்கும் தண்டனை. நான் உங்களுடைய ஆள் இல்லை என்று சொல்லி அவர் போய்விட்டிருக்கலாம். போகவில்லை, ஐந்து தடவையும் முதுகைக் கொடுத்தார்.

எருசலேமையும் அவர் விடவில்லை. ஏழைகளை மறக்கவேண்டாம் என்று கேட்டார்களல்லவா? ஆண்டுக்கணக்காக மக்கெதோனியா, அகாயா, கலாத்தியா என்று புறஜாதியார் சபைகளிடம் காசு சேர்த்தார். வாரத்தின் முதல் நாளில் அவரவர் கொஞ்சம் எடுத்து வைக்கவேண்டும் என்று ஒழுங்கு செய்தார். காசைப் பற்றி யாரும் குறைசொல்லாதபடி சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களையும் கூடவே வைத்துக்கொண்டார். ஊருக்குக் காசு சேர்த்து அனுப்பிப் பழகியவர்களுக்கு, அந்த ஏற்பாட்டின் அவசியம் விளங்கும். உரோமையருக்கு எழுதும்போது அவருடைய பயம் வெளிப்படுகிறது: கொண்டு போகிறேன், ஆனால் அங்குள்ளவர்கள் ஏற்றுக்கொள்வார்களோ தெரியாது. அந்நியர் கொடுத்த காசு அது. வாங்கினால் கொடுத்தவனைச் சகோதரன் என்று ஏற்றதாகிவிடும்.

ஏற்றார்களா என்று நடபடிகள் சொல்லவில்லை. எருசலேமில் யாக்கோபு பவுலைச் சந்தித்து, நீர் யூதர்களை மோசேயை விட்டு விலகச் சொல்கிறீராம் என்று ஊரில் கதை உலாவுகிறது, அது பொய் என்று காட்ட, நேர்த்தி வைத்த நான்கு பேருடைய செலவை ஏற்று அவர்களோடு ஆலயத்துக்குப் போம் என்றதாக மட்டும் இருக்கிறது. பவுல் போனார். அங்கேயே பிடிபட்டார். எபேசு நகரத்துக் கிரேக்கன் ஒருவனை ஆலயத்துக்குள் கூட்டி வந்தார் என்பது குற்றச்சாட்டு. ஆலயத்தின் உட்பிரகாரத்தைச் சுற்றிய தடுப்பில், அந்நியன் எவனும் இதைத் தாண்டினால் தன் மரணத்துக்குத் தானே பொறுப்பு என்ற பொருளில் கிரேக்க மொழியில் எச்சரிக்கைக் கற்கள் இருந்தன. அவற்றில் ஒன்று 1871இல் முழுமையாகக் கண்டெடுக்கப்பட்டு இஸ்தான்புல் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இக்கதையில் நாம் இன்றும் கண்ணால் பார்க்கக்கூடிய பொருள்களில் ஒன்று அந்தக் கல்.

யாக்கோபின் முடிவும் விசித்திரமானது. கி.பி. 62இல் உரோமை ஆளுநர் இறந்து புதியவர் வந்து சேராத இடைவெளியில், பிரதான ஆசாரியன் அன்னா அவரை நியாயப்பிரமாணத்தை மீறியவர் என்று குற்றஞ்சாட்டிக் கல்லெறிந்து கொல்வித்தான். நியாயப்பிரமாணத்தின் காவலர் என்று பெயரெடுத்தவருக்கு அந்தக் குற்றச்சாட்டு. சட்டத்தில் கண்டிப்பான நகரத்தவர்களே இதைப் பொறுக்காமல் முறையிட்டனர், அன்னா பதவியிழந்தான். இதைச் சொல்பவரும் கிறிஸ்தவரல்லர், ஜோசிபஸ்தான்.

எட்டு ஆண்டுகளில், 70இல், ஆலயம் எரிந்தது. உலகெங்குமுள்ள யூதர் அதுவரை ஆலயத்துக்கு அனுப்பிவந்த காசு, இனி உரோமையின் ஜூப்பிட்டர் கோயிலுக்கான வரியாயிற்று. டொமிஷியன் காலத்தில், யூதனா இல்லையா என்று பார்க்க நீதிமன்றத்தில் தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவரின் உடையைக் களைந்து சோதித்ததைத் தாம் இளம்வயதில் கண்டதாகச் சூட்டோனியஸ் எழுதுகிறார். இந்நிலையில் தான் யூதனல்ல என்று சொல்லிக்கொள்வதில் புறஜாதிக் கிறிஸ்தவனுக்கு ஆதாயம் இருந்தது. 135இல் இரண்டாவது பெரிய கிளர்ச்சியும் நசுக்கப்பட்டு, சக்கரவர்த்தி ஹட்ரியன் யூதர் எருசலேமில் கால் வைக்கவே தடை விதித்தபின், அந்நகரத்துச் சபைக்கு முதல்முறையாகப் புறஜாதியார் ஒருவர் ஆயரானார். அவருக்கு முந்திய பதினைந்து பேரும் விருத்தசேதனம் பெற்றவர்கள் என்று சபை வரலாற்றாசிரியர் எவுசேபியு கணக்குத் தருகிறார்.

பந்தி இப்போது மறுபக்கம் திரும்பியது. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதே அந்தியோகியாவின் ஆயர் இக்னேசியு, இயேசுவின் பெயரைச் சொல்லிக்கொண்டு யூத வழியில் நடப்பது பொருந்தாத காரியம் என்று எழுதினார். அந்நூற்றாண்டின் நடுவில் உரோமையிலிருந்த ஜஸ்டினிடம், நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்ளும் கிறிஸ்தவனுக்கு மீட்பு உண்டா என்ற கேள்வி வருகிறது. மற்றவர்களை வற்புறுத்தாவிட்டால் உண்டு என்பது எனது கருத்து என்கிறார் அவர். ஆனால் அப்படிப்பட்டவர்களோடு பேசவும் அவர்களை வீட்டில் உபசரிக்கவும் மறுப்பவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள் என்றும் ஒத்துக்கொள்கிறார். நூறு ஆண்டுகளில் இவ்வளவு மாற்றம். கி.பி. 180 அளவில் இரேனியு எழுதும்போது, விருத்தசேதனத்தை விடாமல் பவுலை நிராகரித்த எபியோனியர் மதப்புரட்டர் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டனர். யாக்கோபு அந்நாளில் வந்திருந்தால் அவருடைய பெயரும் அப்பட்டியலில்தான் இருந்திருக்கும்.

பேதுருவும் பவுலும் மோதியது பின்வந்தவர்களுக்குப் பெரிய சங்கடமாயிற்று. அந்தக் கேபா எங்கள் பேதுரு அல்ல, அதே பெயருள்ள வேறொருவர் என்றார் அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து. இருவரும் சபைக்குப் பாடம் புகட்டுவதற்காகச் சண்டை பிடிப்பதுபோல் நடித்தார்கள் என்றார் ஜெரோம். அப்படியானால் வேதத்தில் பொய் இருக்கிறது என்றாகிவிடுமே என்று ஒகஸ்டின் கடிதம் எழுதினார். இரு மேதைகளுக்கும் இடையே இதுபற்றி ஆண்டுக்கணக்காகக் கடிதச் சண்டை நடந்தது. ஒகஸ்டின் சொன்னதே நேர்மையானது.

சாதாரண மக்கள் இவற்றை எவ்வாறு எடுத்துக்கொண்டனர் என்பதற்கு மறுபடியும் அந்தியோகியாவுக்கே போகவேண்டும். 2023ஆம் ஆண்டு பெப்ரவரி நிலநடுக்கத்தில் இடிந்து கிடந்ததை நாம் தொலைக்காட்சியில் பார்த்த அன்டாக்யா நகரம்தான் அது. அங்கு 386, 387ஆம் ஆண்டுகளில், பின்னாளில் கிறிசொஸ்தோம் எனப் புகழ்பெற்ற குரு யோவான், கடுஞ்சொற்கள் நிறைந்த எட்டுப் பிரசங்கங்கள் செய்தார். யூதர்மேல் அவர் கொட்டிய வசைகளை இங்கு எழுத விரும்பவில்லை. பின்வந்த நூற்றாண்டுகளில் அவை செய்த தீங்கு பெரிது. ஆனால் அவர் முன்னே இருந்தவர்கள் யூதர் அல்லர், கிறிஸ்தவர்கள். இலையுதிர்கால யூதத் திருநாள்களுக்கு அவர்கள் ஜெபாலயத்துக்குப் போய் எக்காளம் ஊதுவதைக் கேட்டார்கள், யூதரோடு சேர்ந்து உபவாசம் இருந்தார்கள், நோய் தீர அவர்களுடைய வைத்தியத்தை நாடினார்கள். போகவேண்டாம், போகிறவர்களைத் தேடிப் பிடித்துக் கூட்டி வாருங்கள் என்று எட்டுத் தடவை மன்றாட வேண்டியிருந்தது. முதல் பிரசங்கத்தில் அவர் ஒரு சம்பவம் சொல்கிறார். கிறிஸ்தவன் ஒருவன் ஒரு கிறிஸ்தவப் பெண்ணை, ஏதோ வழக்கில் சத்தியம் பண்ணுவதற்காக ஜெபாலயத்துக்கு இழுத்துப் போய்க்கொண்டிருந்தான். குரு மறித்து, பக்கத்திலேயே தேவாலயம் இருக்க ஏன் அங்கே போகிறாய் என்று கேட்டார். அங்கே செய்யும் சத்தியத்துக்குத்தான் பயம் அதிகம் என்று பலரும் சொல்கிறார்கள் என்றான் அவன்.